மஞ்சள் கட்டிய பலகைக் கயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன், ரெண்டு வரி எழுதுவேன், மடித்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு எழுந்து போய்விடுவேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட்டது. அதோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் சேர்ந்தேன், அங்கேயே தலை நரைத்து ரிட்டயரும் ஆனேன். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் படிப்புக் குறைச்சல் இல்லை. இது எங்கள் அம்மன் காலடியில் வைத்து மஞ்சள் கட்டிய ஒரு கயிற்றைப் பற்றியது. அந்தக் கயிறு நல்லது செய்யவில்லை என்று நான் எழுதினால், அம்மனையே குறை சொல்வதாக யாராவது நினைத்துவிடுவார்களே என்ற பயம். அவளை நான் கும்பிடாமல் ஒரு நாளும் வாயில் காப்பி ஊற்றியதில்லை. அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் இந்த ஆடி மாதம் கோயிலில் நடந்த ஒரு சங்கதிக்குப் பிறகு, எழுதாமல் இருப்பதுதான் பாவம் என்று தோன்றிவிட்டது. என் மகளும், "எழுதுப்பா, என் பேரைப் போடாம எழுது" என்றாள். யார் பேரையும் போடவில்லை.

எங்கள் வீடு கொரட்டூரில், ஏரிக்குப் போகிற தெருவில் இருக்கிறது. கீழே நானும் என் வீட்டுக்காரியும். மாடியில் மகளும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. வாரம் பூராவும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, அமெரிக்காக்காரனோடு பேசிக்கொண்டே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் காட்டுவார், அஞ்சு நிமிஷம் என்று. அந்த அஞ்சு நிமிஷத்தில் சாம்பார் ஆறி ரெண்டு தடவை சுட வைக்க வேண்டியிருக்கும். மரியாதையான பிள்ளை. ஆனால் முகத்தில் ரத்தமே இருக்காது.

கல்யாணமான முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கி வந்தார்.

"எங்க மாப்ள, ஊருக்கா?"

"இல்லீங்க மாமா. காத்தாடி விடப் போறனுங்க."

மெட்ராஸில் காத்தாடி என்றால் கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல், மாஞ்சா என்றால் போலீஸ். "மாப்ள, அதுக்குத் தடை போட்டு எத்தினியோ வருஷம் ஆவுது. புடிச்சா உள்ளதான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, செல்போனில் ஒரு படம் காட்டினார். கடல் மேல் வானத்தில் ஒரு பெரிய காத்தாடி, வீடு அகலம் இருக்கும். அதிலிருந்து கயிறுகள் இறங்கி ஒரு ஆளின் இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கிறது. அந்த ஆள் காலில் ஒரு பலகை. காத்தாடி இழுக்க, பலகை தண்ணீர் மேல் ஓடுகிறது. சில சமயம் ஆளோடு பலகையும் மேலே எழும்பி, அப்புறம் தண்ணீரில் இறங்குகிறது.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவ்ளோ கஷ்டப்பட்டு எங்க போறாங்க?"

"எங்கயும் போறதில்லீங்க அத்தை. போயிட்டுத் திரும்பி வருவோம்."

"அதுக்கு மாநகரப் பஸ்ஸே போதுமே" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. மாதத்தில் ரெண்டு ஞாயிறு, மதுரவாயல் பைபாஸ் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய், கோவளத்துக்கும் அப்பால் ஒரு குப்பத்துக் கடற்கரையில் இறங்குவார். அங்கே ஒரு பையன் இதைச் சொல்லிக் கொடுக்கிறான், அவன் அந்தக் குப்பத்துப் பிள்ளைதான், எல்லாரும் கோச் என்பார்கள். சாயங்காலம் மாப்பிள்ளை திரும்பி வரும்போது முகமெல்லாம் உப்பு, கண்ணெல்லாம் சிவப்பு. ஆனால் அன்றைக்கு மட்டும் கூப்பிட்ட குரலுக்கு வந்து சாப்பிடுவார். ரெண்டாம் தடவை ரசம் கேட்பார். மகள் என்னிடம் ஒரு தடவை சொன்னாள், "அது இல்லன்னா அவரு மனுஷனாவே இருக்க மாட்டாருப்பா." அதனால்தான் அவள் போகாதே என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

மகள் உண்டானாள். ஏழாம் மாதம். அந்த வருஷத்து ஆடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. விளக்கு வைத்தாயிற்று. மகள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கவில்லை. நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். கடைசியில் கார் வந்தது. ஆள் நன்றாகத்தான் இருந்தார். கடலில் விழுந்தபோது பலகை காலைவிட்டுக் கழன்று போய்விட்டதாம். காத்து ஒரு பக்கம், அலை ஒரு பக்கம், பலகை எங்கேயோ போய்விட்டது. இவர் பலகை இல்லாமல் கரைக்கு வந்துவிட்டார். அப்புறம் கரையோரமாகவே நடந்து நடந்து பலகையைத் தேடியிருக்கிறார். போன் காரில் கிடந்திருக்கிறது.

மகள் சாப்பாடு போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பலகை இல்லாம நீங்க எப்படி வந்தீங்க?"

"காத்தாடி இழுத்துட்டு வந்துருமுங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் பெண்டாட்டியிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அதைச் சொல்லி எங்கள் தெருப் பெண்கள் சிரிப்பார்கள்.

அவளுக்கு அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கடலில் பலகைதான் ஆளுக்குப் பிடிமானம், அது போனால் ஆள் போனான் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. அவள் செல்போனில் தேடிப் பார்த்தாள். அலையில் சறுக்குகிற ஆட்கள் காலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள், கயிற்றின் மறுமுனை பலகையில். ஆள் விழுந்தாலும் பலகை ஓடிப் போகாது. "இது ஏம்பா இவருக்கு இல்ல?" என்று என்னிடம் காட்டினாள். பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அலைச்சறுக்கு வேறு, காத்தாடிப் பலகை வேறு என்று அப்பன் மகள் ரெண்டு பேருக்கும் தெரியாது. அவள் உடனே ஆன்லைனில் வரவழைத்தாள். லீஷ் என்று அட்டையில் போட்டிருந்தது. விரல் தடிமன், நீலக் கலர், இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். ஒரு முனையில் கணுக்காலைச் சுற்றி ஒட்டுகிற பட்டை.

கடையில் வாங்கியது கடையில் வாங்கியதாகவே இருந்திருந்தால் விஷயம் சுலபம். அவள் அதைக் கோயிலுக்கு எடுத்துப் போனாள்.

எங்கள் பக்கத்தில் ஆடித் திருவிழாவுக்கு அம்மனுக்குக் காப்பு கட்டுவார்கள். வேண்டுதல் உள்ளவர்களும் கையில் மஞ்சள் கிழங்கு வைத்த கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் வேண்டுதல் முடிகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது, வெட்டக் கூடாது. அந்தக் காப்புக்கு உள்ள மரியாதை எங்கள் வீட்டில் மின்சாரக் கம்பிக்குக் கூடக் கிடையாது. மகள் அந்த நீலக் கயிற்றைத் தட்டில் வைத்து நீட்டினாள். நானும் கூட நின்றேன். பூசாரி அதைத் தூக்கி, இழுத்துப் பார்த்தார்.

"இன்னாமா இது, நாய்க்குட்டி வாங்கிக்கீறியா?"

"இல்ல சாமி. எங்க வூட்டுக்காரருக்கு."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்தேன். அவர் மேற்கொண்டு கேட்காமல் கயிற்றை அம்மன் காலடியில் வைத்து, நடுவில் மஞ்சள் கிழங்கு ஒன்றை மஞ்சள் நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். குழந்தை பிறக்கிற வரைக்கும் இந்தக் கயிறு இல்லாமல் அவர் கடலில் இறங்க மாட்டார், அவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு தாயே என்று. மாப்பிள்ளையிடம் அன்று ராத்திரியே கொடுத்து, வாக்கும் வாங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் என்னையும் கூட அனுப்பினாள். "போய்ப் பாத்துட்டு வாப்பா. கட்டிக்கிறாரான்னு."

அதனால்தான் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை.

மத்தியானத்துக்கு மேல் காத்து எழும்பியது. நான் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை பையிலிருந்து நீலக் கயிற்றை எடுத்ததுமே கோச் ஓடி வந்தான்.

"அண்ணே, இன்னா இது? இதை இன்னாத்துக்கு எடுத்தாந்தே?"

"இருக்கட்டும்ப்பா. வீட்டுல சொன்னாங்க."

"ஊட்ல சொன்னா? ஊட்ல இருக்கறவங்களா காத்தாடி விடறாங்க? மொத நாள்லயே சொன்னேன்ல, இதுக்குப் பலகையை ஒடம்புல கட்டக் கூடாதுன்னு."

மாப்பிள்ளை குனிந்து கயிற்றைக் கணுக்காலில் ஒட்டினார். கோச் என் பக்கம் திரும்பினான். "பெரியவரே, நீங்களாச்சும் சொல்லுங்க."

"அது அம்மன் கயிறுப்பா" என்றேன். மஞ்சள் கிழங்கு தெரிகிற மாதிரி கயிற்றைத் திருப்பியும் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. அவனும் கடலில் இறங்கும்போது மாதாவையோ மாரியையோ நினைத்துத்தான் இறங்குவான். கையைக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டே சொன்னான்:

"கயித்தை நான் கொறை சொல்லல பெரியவரே. அலையில சறுக்கறவனுக்கு இது வேணும். அவனை இழுக்கறதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. இங்க இவர் வுழுந்தாலும் காத்தாடி இழுத்துகினே போவும். பின்னால பலகை தண்ணியில குத்திக்கும். நடுவுல இந்த ரப்பரு நீளும், நீளும். அப்பறம் பலகை தண்ணியை வுட்டுக் கெளம்பும் பாருங்க, உண்டிக்கோல்ல வெச்சு அடிச்ச மாதிரி. நேரா மண்டைக்குத்தான் வரும்."

"அப்ப காத்தாடிக்கு மட்டும் கயிறு கட்டிக்கீதே?" என்று கேட்டேன். இடுப்புப் பட்டையிலிருந்து காத்தாடிக்கு ஒரு சின்னக் கயிறு போவதைப் பார்த்திருந்தேன்.

"அது வேற. அது கண்டிப்பா வேணும். ஆபத்துன்னா இந்தச் செவப்புப் புடியைத் தள்ளுனா காத்தாடி சக்தி போயி துணி மாதிரி தண்ணியில வுழுந்துடும். ஆனா ஓடிப் போயி கரையில இருக்கறவன் மேல வுழாம அந்தச் சின்னக் கயிறு புடிச்சுக்கும். அதையும் மீறி இழுத்தா, அதுக்கும் ஒரு புடி இருக்கு, அதையும் கழட்டி வுட்டுடலாம். காத்தாடிக்குக் கயிறு உண்டு. பலகைக்குக் கெடையாது. பலகை போனா போவுது. காத்தாடியை வெச்சே ஒடம்பைத் தண்ணியில இழுத்துகினு போயி பலகையை எடுக்கணும். அதை இன்னும் நாலு வாரம் பழகுண்ணே, நான் சொல்லித் தர்றேன்."

இதெல்லாம் எனக்கு அப்போது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. நான் மகளுடைய வேண்டுதலையும் ஏழு மாத வயிற்றையும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு மனசில் விழுந்திருந்தது. அது எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. இருந்தும், "வாக்குக் குடுத்துட்டேன்ப்பா" என்றார்.

கோச், "அப்ப ஹெல்மெட் இல்லாம தண்ணியில கால் வெக்கக் கூடாது" என்று தன் தலையில் இருந்ததைக் கழற்றி மாப்பிள்ளை தலையில் மாட்டி, தாடைப் பட்டையைத் தானே இறுக்கினான். மாப்பிள்ளை அதற்கு முன்னால் ஹெல்மெட் போட்டதில்லையாம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காத்தாடி அழகாக ஏறியது, மாப்பிள்ளை ஓடினார், திரும்பினார், எனக்குக் கையைக் கூடக் காட்டினார். நானும் பதிலுக்குத் துண்டை ஆட்டினேன். பிறகு ஒரு காத்து வந்தது. என் துண்டே கையைவிட்டுப் போனது. துண்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், மாப்பிள்ளை குப்புற விழுந்து தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு போகிறார். பின்னால் பலகை சாய்ந்து, பாதி தண்ணீருக்குள். நீலக் கயிறு கம்பி மாதிரி விறைத்திருந்தது. அப்புறம் பலகை தண்ணீரைவிட்டு வெளியே வந்ததை நான் பார்த்தேன். ஆனால் அது அவர் தலைக்குப் போனதைப் பார்க்கவில்லை. கண் அதைப் பிடிக்கவில்லை. சத்தம் மட்டும் கரைக்கே கேட்டது.

அவர் கை தானாகவே சிவப்புப் பிடியைத் தள்ளியிருக்கிறது. காத்தாடி துணியாகி விழுந்தது. கோச் ஏற்கனவே தண்ணீரில் பாய்ந்துவிட்டான். குப்பத்து ஆள் ரெண்டு பேர் படகைத் தள்ளினார்கள். கரைக்குக் கொண்டு வந்தபோது மாப்பிள்ளை கண் திறந்திருந்தார். காதுக்குப் பின்னால் ரத்தம். "மாமா, துண்டு கெடச்சுதுங்களா?" என்று கேட்டார். எதற்கு அப்படிக் கேட்டார் என்று அவருக்கே இன்று வரை தெரியாது.

ஹெல்மெட்டின் பின்பக்கம், நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி பிளந்திருந்தது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, தலையை ஸ்கேன் எடுத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். மூளைக்கு ஒன்றும் இல்லை, தலை குலுங்கியிருக்கிறது, சில வாரத்துக்கு ஓய்வு என்றார்கள். வீட்டுக்குப் போன் செய்து வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னோம். மறுநாள் வாடகைக் காரில் திரும்பும்போது மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, கயித்தப் பத்தி அவளுக்குச் சொல்ல வேண்டாங்க. இந்த நேரத்துல தாங்க மாட்டா."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. உடைந்த ஹெல்மெட்டை அவர் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். இறங்கும்போது நான் அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் கூட்டம். பக்கத்து வீட்டு அம்மாள் கிண்ணத்தில் எதையோ வைத்துக்கொண்டு நிற்கிறாள். மகள் கட்டுப் போட்ட தலையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்:

"கயிறு கட்டியிருந்தீங்களா?"

"கட்டியிருந்தனுங்க."

அவ்வளவுதான். மகள் சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பாத்தியாம்மா, ஆத்தா கயிறுதான் காப்பாத்திச்சு" என்று என் வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தைக் கூட வைக்க மறந்து அப்படியே வெளியே போனாள். சாயங்காலத்துக்குள் தெருவில் கதை முழுசாக வளர்ந்துவிட்டது. கடல் கொண்டு போன ஆளை மஞ்சக் கயிறு இழுத்துக் கரையில் போட்டதாம். இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்து, "கொடுத்து வெச்ச ஊடுண்ணே" என்றார்.

மகள் கயிற்றைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் அலசி, மாடியில் காயப் போட்டிருந்தாள். தலை ஆறியதும் மாப்பிள்ளை மறுபடி போவார். மறுபடி இதையே கட்டிக்கொண்டு போவார். வாக்குக் கொடுத்த பிள்ளை. அவள் நிம்மதியாக அனுப்பியும் வைப்பாள்.

அதனால் அன்று சாயங்காலமே, மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது, பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துப் போய் மகள் முன்னால் வைத்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"பாறையாப்பா?"

"பாறை இல்லம்மா. பலகை."

"பலகை எப்படி இவ்ளோ வேகமா வரும்?"

"கயிறு இட்டுகினு வந்துச்சும்மா."

கோச் சொன்னதையும் நான் பார்த்ததையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் ஆகும். நான் அவள் தலையில் கை வைத்தேன். "நீ நல்லதுக்குத்தான் கட்டினே. எனக்கும் தெரியலியே" என்றேன்.

பேச்சு சத்தம் கேட்டு மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தரையில் ஹெல்மெட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கோச் வேணாம்னு சொன்னாரா?" என்று மகள் கேட்டாள்.

"சொன்னாருங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சொன்னார்: "கயிறு வந்ததுக்கு அப்புறந்தான் நீங்க ராத்திரி தூங்குனீங்க. அதான்."

"நான் தூங்கறதுக்கோசரம் நீங்க சாவீங்களா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் போனோம்.

பிறகுதான் பெரிய கஷ்டம். வேண்டுதல். குழந்தை பிறக்கிற வரைக்கும் என்று அம்மன் முன்னால் சத்தமாகச் சொல்லியாயிற்று. மஞ்சள் கட்டியாயிற்று. நடுவில் அவிழ்த்தால் வயிற்றில் இருக்கிறதுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாப்பிள்ளை, "குழந்தை பொறக்கற வரைக்கும் நான் கடலுக்கே போகலீங்க" என்றார். நல்ல பேச்சுத்தான். ஆனால் மகள் தலையை ஆட்டினாள். "அப்பறம்? கயிறு நல்லதுன்னு ஊரே சொல்லுது. அப்பறமும் யாராச்சும் கட்டச் சொல்லுவாங்க. நானே சொல்லுவேன்." நான் பூசாரியைக் கேட்கலாமா என்றேன்.

"அவரை இன்னாப்பா கேக்கறது? நாய்க்குட்டின்னு நெனச்ச மனுஷன்" என்றாள். அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை சிரித்துவிட்டுத் தையல் வலிக்கிறது என்று காதைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு அவள் கோயிலுக்குக் கிளம்பினாள். நான் கூடப் போனேன். அம்மன் முன்னால் வெகுநேரம் நின்றாள். அன்றைக்கு ஒன்றும் சத்தமாக வேண்டிக்கொள்ளவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் என்னிடம் சொன்னாள்:

"நான் ஆத்தாகிட்ட கேட்டது அவர் திரும்பி வரணும்னு. அவ அனுப்பிட்டாப்பா. கயிறுன்றது நான் சொன்ன வழி, அவ சொன்னது இல்ல. வழி தப்புன்னு அவளே காட்டிட்டா. என் வேண்டுதல் முடிஞ்சுது."

மாப்பிள்ளை தலையில் கோச் தன் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினானே, அது யார் செய்த வேலை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அது என் நம்பிக்கை. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றினாலும் பரவாயில்லை.

மஞ்சள் கிழங்கையும் நூலையும் அவள் தன் கையால் அவிழ்த்து, எல்லாரும் காப்பு கழற்றி மாட்டுகிற அந்த வேப்பங்கிளையில் கட்டினாள். நீலக் கயிற்றை வீட்டுக்குக் கொண்டு வந்து, பெரிய கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கினாள். ரப்பர் வெட்டுப்படாமல் வழுக்கியது. மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை வேற யாரும் எடுத்துக் கட்டிடக் கூடாது" என்றாள்.

அன்றைக்கே அவள் இன்னொன்றும் கேட்டாள். பலகை போனால் எப்படித் திரும்பி வருவீர்கள், காட்டுங்கள் என்றாள். மாப்பிள்ளை ஹாலில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்தார். ஒரு கை மேலே காத்தாடியைப் பிடித்த மாதிரி, இன்னொரு கையைத் தண்ணீருக்குள் துடுப்பு மாதிரி முன்னால் நீட்டினார். காத்தாடி ஒரு பக்கம் இழுக்குமாம், நீட்டின கை வழியைத் திருப்புமாம், இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், அந்தப் பக்கம் கொஞ்ச தூரம், அப்படியே காத்துக்கு எதிராக ஏறிப் போய்ப் பலகையைப் பிடித்துவிடலாமாம். சொல்லிக்கொண்டே பாயோடு நகர்ந்து டிவி மேஜைக்கு அடியில் போய்விட்டார். "பலகை கெடச்சுதா?" என்று என் வீட்டுக்காரி சமையல் கட்டிலிருந்து கேட்டாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கடல் பயத்தில் பாதி அன்று அந்தப் பாயில் போயிற்று.

பேத்தி பிறந்தாள். நல்லபடியாகப் பிறந்தாள். அவளுக்கு உட்காரத் தெரிந்த பிறகுதான் மாப்பிள்ளை மறுபடி கடலுக்குப் போனார். தலையில் புது ஹெல்மெட், மேலே மிதக்கிற உடுப்பு, காலில் ஒன்றும் இல்லை. முதலில் கரைக்குப் பக்கத்திலேயே பலகை இல்லாமல் இழுபடப் பழகினார். அதற்கப்புறம் ஒரு தடவை பலகை நிஜமாகவே கைவிட்டுப் போனது. போன் செய்து, "பலகை போச்சுங்க, நான் கரையில இருக்கேன்" என்றார். "சரி, சாப்புட வாங்க" என்றாள் மகள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இந்த ஆடியில் கூழ் வார்க்கும் அன்று கோயில் வரிசையில் தூக்குச் சட்டியோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள், நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வந்திருக்கிறாள். கையில் மஞ்சப்பை. பின்னால் திரும்பி, "அண்ணே, கயிறு வெச்சுக் குடுப்பாங்களே, அது இந்தக் கோயில்தானே?" என்றாள்.

"இன்னா கயிறுமா?"

"உனக்குத் தெரியாதா? இங்க கொரட்டூர்ல ஒரு ஆளு கடல்ல பூட்டாராம். ஏழு கடலு தாண்டி. பொண்டாட்டி கட்டுன மஞ்சக் கயிறு அவரைத் தரதரன்னு இழுத்தாந்து கரையில போட்டுச்சாம். எங்க ஊட்டுப் பையன் அந்தக் காத்தாடிப் பலகை கத்துக்கப் போறான், ஞாயித்துக்கெழம ஆனா. சொன்னா கேக்க மாட்றான். அதான் கயிறு வாங்கியாந்தேன்." பையைத் திறந்து காட்டினாள். கலர் வேறு. அதே கயிறு.

"அம்மா, அந்தக் கயிறு காப்பாத்தல. அதுதான் அடிச்சுது" என்றேன்.

"நீ இன்னா கண்டே? அந்த ஊட்டு ஆளுங்களே சொன்னாங்களாம்."

"அந்த ஊட்டு ஆளே நான்தாம்மா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. வரிசை நகர்ந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஹெல்மெட் வரைக்கும், வேப்பங்கிளை வரைக்கும். அவள் செல்போனை எடுத்து மகனுக்குப் போட்டு, "இந்த அண்ணன் இன்னாவோ சொல்றாரு, கேளு" என்று என்னிடம் கொடுத்தாள்.

நான் பாதி சொன்னதுமே அந்தப் பையன் சொன்னான்: "எங்க கோச்சும் அதாங்க சொல்றாரு, பலகைக்குக் கயிறு கூடாதுன்னு. எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மனசு கஷ்டப்படும்னு கட்டிக்கலாம்னு இருந்தேன்."

"அதையே உங்க அம்மாகிட்ட சொல்லு நைனா" என்று போனை அந்த அம்மாளிடம் நீட்டினேன். அவன் சொன்னான். அவள் நெடுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூழ் அண்டா கிட்டே வந்துவிட்டது. வாங்கிக்கொண்டாள். போகும்போது என்னிடம், "நீ சொல்றது நெஜம்னா எழுதிக் குடு. எங்க சொந்தக்காரங்க எல்லாம் அந்தக் கதையைத்தான் நம்பிகினு கீறாங்க. படிச்சுக் காட்றேன்" என்றாள். அந்த மஞ்சப்பை அன்று சன்னிதிக்குள் போகவில்லை. அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவளுக்காகத்தான் இதை எழுதினேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளை காத்தாடி கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறவனாக இருந்தால், அவன் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் இதைக் கொடுங்கள். கொடுக்கும்போது உள்ளது உள்ளபடியே கொடுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது என்று கயிறு இழுத்து வந்ததாகச் சேர்த்துவிடாதீர்கள். சாமி சமாசாரம் வேண்டாம் என்று வேப்பங்கிளையை எடுத்துவிடவும் வேண்டாம். அந்த ஹெல்மெட்டை மட்டும் யாரும் மறந்துவிடாதீர்கள். அது இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வந்தால் விரலை விட்டுப் பார்க்கலாம்.